கிளைடை இழுத்து மூடச் சொல்லும் கணக்குப் புலிகளுக்கு

ஸ்காட்லாந்து கால்பந்து என்றாலே செல்டிக், ரேஞ்சர்ஸ் என்று இரண்டு பேரைச் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்வது பலருக்கு வழக்கம். அதற்குக் கீழே இன்னும் 40 கிளப் இருக்கிறதே என்று யாராவது வாயெடுத்தால் போதும், எங்கிருந்தோ ஒரு கணக்குப் புலி கிளம்பி வருவார். "சுமார் 55 லட்சம் பேர் இருக்கிற நாட்டுக்கு 42 லீக் கிளப் எதுக்கு? பாதியை மூடு, மீதியை ஒன்றோடொன்று இணை. இது ஒரு பிசினஸ் இல்லையா?" அவர் முதலில் கை நீட்டுவது கிளைடு கிளப்பை நோக்கித்தான். "சொந்தமா ஒரு மைதானம்கூட இல்ல. கடைசி டிவிஷன்ல கிடக்குது. பார்க்க வர்றது சில நூறு பேர். இதுக்கு ஒரு கிளப்பு, அதுக்கு ரசிகர்கள் வேற..."

கேட்கும்போது கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் அந்த சில நூறு பேரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் தப்பான ஆளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மைதானம் போனது ரசிகனால் இல்லை. மைதானம் போன பிறகும் கிளப் போகாமல் இருப்பதுதான் ரசிகனால்.

முதலில் கிளைடு யார் என்று பார்த்துவிடுவோம்.

1877-ல் கிளாஸ்கோ நகரின் கிழக்குப் பக்கம், கிளைடு ஆற்றங்கரையில் பிறந்த கிளப். பெயரே ஆற்றின் பெயர்தான். 1898-ல் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ரூதர்கிளனில் இருக்கும் ஷாஃபீல்டு மைதானத்துக்குப் போனார்கள். ஸ்காட்டிஷ் கோப்பையை மூன்று முறை வென்ற அணி இது: 1939, 1955, 1958. 1939-ல் மதர்வெல்லை 4-0 என்று அடித்துக் கோப்பையை வாங்கிய சில மாதங்களில் உலகப்போர் வந்துவிட்டது. போட்டியே நடக்காததால் போர் முடியும்வரை கோப்பை கிளைடிடமே இருந்தது. 1955-ல் தோற்கடித்தது யாரைத் தெரியுமா? செல்டிக்கை. முதல் ஆட்டம் 1-1, மறு ஆட்டம் 1-0. ஆக இது நேற்று முளைத்த காளான் கிடையாது. வாழ்ந்து கெட்ட குடும்பம்.

எப்படிக் கெட்டது என்பதில்தான் மேட்டரே இருக்கிறது.

1930-களில் பிரிட்டன் முழுக்க நாய்ப் பந்தய மோகம். 1932-ல் ஷாஃபீல்டிலும் நாய்கள் ஓட ஆரம்பித்தன. கிளப்புக்குப் பணக்கஷ்டம். 1935-ல் மைதானத்தையே நாய்ப் பந்தயக் கம்பெனியிடம் விற்றுவிட்டு, அதே மைதானத்தில் வாடகைக்கு ஆட ஆரம்பித்தது கிளைடு. தன் வீட்டையே விற்று அதே வீட்டில் குடித்தனம்! கவனிக்க வேண்டிய விஷயம், மூன்று கோப்பைகளும் இதற்குப் பிறகுதான் வந்தன. "சொந்த மைதானம் இல்லாத கிளப் உருப்படாது" என்று சொல்கிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள். கிளைடு தன் பொற்காலம் முழுவதையும் வாடகைக்காரனாகவே வாழ்ந்தது.

ஆனால் வாடகைக்காரனுக்கு ஒருநாள் நோட்டீஸ் வந்தே தீரும். 1986-ல் வந்தது. இடத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தப் போகிறோம், காலி செய்யுங்கள் என்றார்கள். 88 வருடம் ஆடிய மைதானத்தை விட்டு கிளைடு மூட்டை கட்டியது. அப்புறம் அங்கே என்ன கட்டினார்கள்? ஒன்றும் கட்டவில்லை. அடுத்த வருடமே மறுபடி நாய்கள் ஓட ஆரம்பித்தன. 2020-ல் கொரோனா வரும்வரை ஓடின. கால்பந்து அணியை வெளியே அனுப்பிவிட்டு 33 வருடம் நாய்ப் பந்தயம் நடந்தது. இதில் கிளைடு ரசிகன் செய்த தப்பு என்ன என்று கணக்குப் புலிகள் சொல்லட்டும்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக அலைச்சல்தான். 1986 முதல் 1991 வரை பார்ட்டிக் திசில் அணியின் ஃபர்ஹில் மைதானம். 1991 முதல் 1994 வரை ஹாமில்டனில் டக்ளஸ் பார்க். 1994-ல் கம்பர்நால்டு என்ற புதுநகரத்தில், சுமார் 8,000 பேர் உட்காரும் பிராட்வுட் ஸ்டேடியம். 28 வருடம் அங்கே. 2022-ல் மறுபடி ஹாமில்டன், இந்த முறை நியூ டக்ளஸ் பார்க். கிளாஸ்கோ கிழக்கில் பிறந்த அணி, கிளாஸ்கோவுக்கு வெளியேதான் மிச்ச வாழ்க்கையைக் கழிக்கிறது.

"சரி, கம்பர்நால்டில் 28 வருஷம் இருந்தாங்களே, அந்த ஊர்க்காரனைக்கூட இழுக்க முடியலையே?" என்று அடுத்த கேள்வி வரும். கம்பர்நால்டில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் கிளாஸ்கோவிலிருந்து இடம் மாற்றப்பட்ட குடும்பங்கள். அப்பா, தாத்தா காலத்து அணியைக் கையோடு கொண்டுவந்தவர்கள். அவர்கள் சனிக்கிழமை பஸ் ஏறி செல்டிக் பார்க்கவோ ரேஞ்சர்ஸ் பார்க்கவோ போனார்கள். ரசிகத்தன்மை தண்ணீர்க் குழாய் மாதிரி இல்லை, இணைப்பை மாற்றிக் கொடுத்தால் அன்றைக்கே ஓடுவதற்கு.

1967-ஐப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும். அந்த ஒரு வருடத்தில் கிளாஸ்கோவில் நடந்ததைப் பாருங்கள். செல்டிக் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. ரேஞ்சர்ஸ் இன்னொரு ஐரோப்பியப் போட்டியின் இறுதிவரை போய் பயர்ன் மியூனிக்கிடம் தோற்றது. கிளைடு லீகில் மூன்றாவது இடம். நியாயமாக ஐரோப்பாவில் ஆடியிருக்க வேண்டும். ஆனால் அப்போதைய ஃபேர்ஸ் கோப்பையில் ஒரு நகரத்துக்கு ஒரு கிளப் என்று விதி. கிளாஸ்கோ இடத்தை ரேஞ்சர்ஸ் எடுத்துக்கொண்டது. நீ கிளாஸ்கோ, அதனால் உனக்கு இடம் இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். பிறகு மைதானத்தைப் பிடுங்கி வெளியூருக்கு அனுப்பிவிட்டு, நீ கிளாஸ்கோவில் இல்லை, அதனால் உனக்குக் கூட்டம் இல்லை என்கிறார்கள். ரெண்டு பக்கமும் அடி வாங்குவதற்கு மத்தளம் மட்டும்தான் உண்டு என்று நினைத்தோம், கிளைடும் உண்டு.

அதே 1967-ல், அதே நகரத்தில் இன்னொரு சம்பவம். தேர்ட் லானார்க் என்று ஒரு கிளப். 1904-ல் லீக் சாம்பியன். இரண்டு முறை ஸ்காட்டிஷ் கோப்பை. 1960-61 சீசனில் சரியாக 100 கோல் அடித்து மூன்றாவது இடம் வந்த அணி. ஆறே வருடத்தில், 1967-ல், செத்துப்போனது. நிர்வாகம் நடந்த லட்சணத்தைப் பற்றி அரசாங்கமே விசாரணை நடத்தியது. அவர்களுடைய கேத்கின் பார்க் மைதானம் இன்றைக்கும் பொதுப் பூங்காவாக இருக்கிறது. ரசிகர்கள் நின்ற படிக்கட்டுகள் மரங்களுக்கு நடுவே அப்படியே இருக்கின்றன.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மைதானம் இருக்கிறது, கிளப் இல்லை. இன்னொரு பக்கம் கிளப் இருக்கிறது, மைதானம் இல்லை. இதில் எது உயிரோடு இருக்கிறது? எதில் அடுத்த சனிக்கிழமை மேட்ச் இருக்கிறது? "சொத்து இல்லாத கிளப் கிளப்பே இல்லை" என்ற வாதம் இந்த இடத்தில் பல் இளிக்கிறது.

இணைப்பு பற்றியும் கொஞ்சம் பேசிவிடலாம். கணக்குப் புலிகளுக்கு மிகவும் பிடித்த சொல் ஆயிற்றே! அதைச் செய்து பார்த்த கதை ஒன்று இருக்கிறது. கதையில் வருகிற எல்லோருமே வீடில்லாதவர்கள் என்பதுதான் விசேஷம்.

ஏர்டிரியோனியன்ஸ் என்ற கிளப் 1994-ல் தன் புரூம்ஃபீல்டு மைதானத்தை ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு விற்றது. புது மைதானம் தயாராகவில்லை. நான்கு வருடம் பிராட்வுட்டில், கிளைடோடு சேர்ந்து ஒண்டுக்குடித்தனம். 1998-ல் புது மைதானம் வந்தது, கூடவே கடனும் வந்தது. 2002-ல் இரண்டாவது டிவிஷனில் இரண்டாம் இடம் பிடித்த கையோடு கிளப் திவாலாகிக் கலைக்கப்பட்டது.

இன்னொரு பக்கம் கிளைடுபேங்க். அவர்கள் கில்போவி மைதானத்தை 1996-ல் விற்றுவிட்டு, முதலில் டம்பார்ட்டனிலும் பிறகு மார்டனின் மைதானத்திலும் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். ஏர்டிரி செத்ததும் அங்கிருந்து ஒரு குழு வந்து, தள்ளாடிக்கொண்டிருந்த கிளைடுபேங்கை வாங்கி, ஏர்டிரிக்கு இடம் மாற்றி, ஏர்டிரி யுனைடெட் என்று பெயரும் மாற்றியது. காகிதத்தில் பார்த்தால் கச்சிதமான கணக்கு. ஒரு ஊரில் மைதானம் இருக்கிறது, கிளப் இல்லை. இன்னொரு ஊரில் கிளப் இருக்கிறது, மைதானம் இல்லை. கூட்டினால் ஒன்று.

கிளைடுபேங்க் ரசிகர்கள் என்ன ஆனார்கள்? புத்திசாலித்தனமாக ஏர்டிரி ஆதரவாளர்களாக மாறினார்களா? மாறவில்லை. 2003-ல் ரசிகர்களே ஒன்று சேர்ந்து, அதே பெயரில், லீகுக்கு வெளியே இருந்த ஜூனியர் கால்பந்தில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். காகிதத்தில் ஒன்றாகச் சேர்த்ததை மக்கள் சேர்க்கவில்லை. இணைத்தால் கூட்டம் கூடும் என்பதெல்லாம் இரண்டு கடையைச் சேர்த்தால் வாடிக்கையாளர் இரண்டு மடங்கு என்று நினைக்கிறவனின் கணக்கு. கால்பந்தில் வாடிக்கையாளர் கிடையாது. ரசிகன் பக்கத்துக் கடைக்குப் போகமாட்டான். வீட்டுக்குப் போய்விடுவான்.

அந்த நாட்டில் மைதானத்தை விற்று மளிகைக்கடை கட்டுவது ஒரு தொத்துவியாதியாகவே இருந்தது. ஹில்ஸ்பரோ துயரத்துக்குப் பிறகு 1990-ல் வந்த டெய்லர் அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. பாதுகாப்புக்காக, நியாயமான காரணத்துக்காகத்தான். ஆனால் பழைய மைதானத்தைச் சரிசெய்யப் பணம் இல்லாத கிளப்களுக்கு ஊர் நடுவே இருந்த நிலம் ஒன்றுதான் சொத்து. சூப்பர்மார்க்கெட் கம்பெனிகள் வரிசையில் வந்தன. ஏர்டிரி, ஹாமில்டன், ஃபால்கிர்க் என்று பழைய மைதானங்கள் ஒவ்வொன்றாகக் கடைகளாகின. ஹாமில்டன் 1994-ல் விற்றது, புது மைதானம் வந்தது 2001-ல். நடுவில் ஏழு வருட நாடோடி வாழ்க்கை. சம்பளம் வராததால் 2000-ல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஒரு மேட்சுக்கு அணியே போகவில்லை. தண்டனை 15 புள்ளிகள், டிவிஷன் இறக்கம்.

இதற்கு நேர் எதிராக ஒரு உதாரணமும் இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ்டன். அவர்களும் சூப்பர்மார்க்கெட்டுக்குத்தான் விற்றார்கள். ஆனால் புது மைதானம் கைக்கு வந்த பிறகே பழையதை விட்டார்கள். 1989-ல் ஒரு மைதானத்தில் சீசனை முடித்து, அடுத்த சீசனைப் புது மெக்டயர்மிட் பார்க்கில் ஆரம்பித்தார்கள். ஒருநாள்கூடத் தெருவில் நிற்கவில்லை. 2014-ல் தங்கள் வரலாற்றின் முதல் ஸ்காட்டிஷ் கோப்பை. 2021-ல் ஒரே சீசனில் இரண்டு கோப்பை. 2025-ல் மேல் டிவிஷனிலிருந்து இறங்கினார்கள். இறங்கினாலும் சொந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போனார்கள். ஆக, மைதானத்தை விற்பது பாவமில்லை. சாவி கைக்கு வரும்முன் கதவைப் பூட்டிக் கொடுப்பதுதான் பாவம்.

செல்டிக்கே 1994-95 சீசன் முழுக்க ஹாம்ப்டனில் வாடகைக்கு ஆடியது என்பதையும் சிரிப்பவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு யாரும் செல்டிக்கை மூடச் சொல்லவில்லை :-)

இனி வணிகவியல் மொழியிலேயே பேசுவோம், புலிகளுக்குப் புரியும். சின்ன கிளப் எதில் சம்பாதிக்கிறது? டிக்கெட்டில் வருவது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மைதானத்தைச் சுற்றித்தான்: மதுக்கூடம், விழா நடத்த ஹால், சுற்றுச்சுவர் விளம்பரம், செயற்கைப் புல் போட்டு வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுவது. வாடகைக்காரனுக்கு இதெல்லாம் ஒப்பந்தம் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறதோ அவ்வளவுதான். சொந்தக்காரன் 365 நாளும் சம்பாதிக்கிறான். வாடகைக்காரனுக்கு வருடத்தில் இருபது சனிக்கிழமை. கை கால் இரண்டையும் கட்டிப்போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவன் நீந்துகிறானே, நீ ஏன் நீந்தவில்லை என்று கேட்பதற்குப் பெயர் கணக்கு இல்லை.

இருப்பு நிலைக் குறிப்பில் மைதானம் நிலைச் சொத்து. தேய்மானம் கழிப்பார்கள், விற்றால் லாபம் காட்டுவார்கள். ரசிகனுக்கு அந்தக் குறிப்பில் இடமே இல்லை. ஆனால் 1986-க்குப் பிறகு கிளைடு எத்தனையோ மேலாளர்களைப் பார்த்துவிட்டது. மைதானம் நாலு மாறிவிட்டது. 2009, 2010 என்று அடுத்தடுத்து இரண்டு டிவிஷன் இறங்கி, 2011-ல் நாட்டின் லீக் அட்டவணையிலேயே கடைசிப் படிக்கு வந்தது. ஈஸ்ட் கில்பிரைடுக்குப் போகலாம் என்று ஒரு யோசனை வந்து போனது. இத்தனையிலும் மாறாத சொத்து ஒன்றே ஒன்று, அந்த சில நூறு பேர். கிளப்பையே இன்றைக்கு சமூக நல நிறுவனமாக நடத்துவது உறுப்பினர்களான ரசிகர்கள்தான். நிறுவனத் தொடர்ச்சி அனுமானம் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதற்காகக் கிளைடு புனிதப் பசு என்று யாரும் ஜல்லியடிக்க வேண்டாம். அது செய்த பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இல்லை.

2017 ஜனவரியில் ஒரு ஆட்டக்காரர் வன்புணர்வு செய்தார் என்று ஸ்காட்லாந்தின் சிவில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றவியல் வழக்கு நடக்கவில்லை. சிவில் வழக்கில்தான் தீர்ப்பு, இழப்பீடும் விதிக்கப்பட்டது. அதே வருடம் கிளைடு அவரை எடுத்துக்கொண்டது. ஐந்து வருடம் கோல் அடித்தார், கிளப்பும் கோலை எண்ணிக்கொண்டிருந்தது. 2022-ல் அவர் வேறு கிளப்புக்குப் போனபோது நாடே கொதித்தது. அந்தக் கிளப் பின்வாங்கியதும், கிளைடு அவரைக் கடனாகத் திரும்பக் கூப்பிட்டது! பிராட்வுட்டின் சொந்தக்காரரான வடக்கு லானார்க்ஷயர் கவுன்சில், அவர் இந்த மைதானத்தில் கால் வைக்கக் கூடாது, கிளப்பின் ஒப்பந்தமும் இனி நீட்டிக்கப்படாது என்றது. கிளைடின் பெண்கள் அணி இந்தக் கிளப்புக்கு இனி ஆடமாட்டோம் என்று விலகியது. சில நாளில் கிளைடு அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அந்த சீசனோடு பிராட்வுட்டும் போனது.

இதில் வீட்டு ஓனர் சொன்னதுதான் சரி. வீடில்லாதவன் என்ற பரிதாபத்தை இதற்குப் போர்வையாகப் போர்த்திக்கொள்ள முடியாது. அதுவும் ரசிகர்களே நடத்தும் கிளப் என்று பெருமை பேசினால், வெட்கமும் ரசிகர்களுக்கே. ஆனால் இதிலிருந்து "அதனால் மூடிவிடு" என்ற முடிவு வராது. விலகிப் போன அந்தப் பெண்கள் காட்டிய வழி வேறு. கிளப்பை நேசிக்கிறவன் அது தப்பு செய்யும்போது முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். கேட்க ஆள் இருக்கும் கிளப்தான் திருந்தும். முதலாளி மட்டும் இருந்த தேர்ட் லானார்க் திருந்தவில்லை, செத்துப்போனது.

கடைசியாக, மைதான அரசியல் எவ்வளவு பெரிய காமெடி என்பதற்கு 2025 ஒன்றே போதும். ஹாமில்டன் அணிக்கும் நியூ டக்ளஸ் பார்க் நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கும் தகராறு. ஹாமில்டன் அணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பர்நால்டுக்கு, கிளைடு காலி செய்த அதே பிராட்வுட்டுக்குப் போனது. கிளாஸ்கோவின் கிளைடு ஹாமில்டனிலேயே தங்கியது. ஹாமில்டன் ஊரில் ஹாமில்டன் இல்லை, கிளைடு இருக்கிறது! இதற்குக் காரணம் இரண்டு ஊர் ரசிகர்களுமா? ரசிகர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்க வேண்டும். சட்டமே போட்டுக் கேட்க வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2025-ல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டப்படி, முதல் ஐந்து டிவிஷன் கிளப்கள் தங்கள் மைதானத்தை விற்கவோ அடகு வைக்கவோ தனி ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வேண்டும். அந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. பொருந்தும்படி அங்கே ஒன்று வரவேண்டும். புது மைதானத்தின் சாவி கையில் வாங்காமல் பழையதை விற்கக் கூடாது என்று ஒரே ஒரு வரி 1994-ல் இருந்திருந்தால், ஏர்டிரியும் கிளைடுபேங்கும் ஹாமில்டனும் பட்ட பாட்டில் பாதி இருந்திருக்காது.

2006 ஜனவரி 8 அன்று பிராட்வுட்டில் ஸ்காட்டிஷ் கோப்பை ஆட்டம். செல்டிக்குக்கு ராய் கீனின் முதல் மேட்ச். மான்செஸ்டர் யுனைடெட்டை நடத்திய கேப்டன் வருகிறார் என்று கேமராக்கள் எல்லாம் வந்திருந்தன. வாடகை மைதானத்தில் கிளைடு 2-1 என்று ஜெயித்தது. அன்றைக்குக் கிளைடை மூடச் சொல்லி யாரும் பேசவில்லை. 2019-ல் பிளே-ஆஃபில் அன்னானை வென்று மேலே ஏறியது. 2023-ல் அதே அன்னானிடம் தோற்றுக் கீழே இறங்கியது. இறங்கியதும் கணக்குப் புலிகள் மறுபடி கால்குலேட்டரைத் தூக்கிவிட்டார்கள்.

தூக்கட்டும். ஆனால் 1935-ல் நிலத்தை விற்றவர்கள், 1986-ல் நோட்டீஸ் கொடுத்தவர்கள், 1994-ல் ஊர் ஊராக மைதானங்களை மளிகைக்கடையாக மாற்றியவர்கள், இவர்கள் பெயரையெல்லாம் பற்றுப் பக்கத்தில் எழுதிவிட்டு, அப்புறம் மழையில் நனைந்துகொண்டு தோற்கிற அணிக்குக் கை தட்டுகிறவனிடம் வரட்டும். அவன் பெயரில் பாக்கி ஒன்றும் இருக்காது.